சத்திரத்துச் சாப்பாடு

இன்று ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் புறப்படுகிறவர்கள் வழியிலே சோறு கிடைக்குமா என்று கவலைப்படுவதில்லை. பையிலே பணம் இருந்தால் போதும். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பணத்தைக் கொடுத்தால் இலை விழுகிறது. இது நமக்கு மிகவும் இயல்பான காரியமாகத் தோன்றுகிறது. ஆனால், சமைத்த சோற்றை விலைக்கு விற்பது பாவம் என்று நம் நாட்டிலே பலர் கருதிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்திலும் மக்கள் பயணம் செய்தார்கள். காசியிலிருந்து இராமேசுவரம் வரைக்கும் கால்நடையாகவே நடந்தார்கள். அவர்கள் எங்கே உண்டார்கள்? யார் அவர்களுக்கு இலை போட்டார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் சத்திரத்தின் வாசலில்தான் போய் நிற்போம்.

சாவடி வேறு, சத்திரம் வேறு. சாவடி என்பது வழிப்போக்கர் தங்குவதற்கு மட்டும் ஏற்பட்ட இடம். ஒரு திண்ணை, நான்கு தூண், மேலே ஒரு கூரை. அதற்குமேல் அங்கே எதிர்பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சத்திரம் அப்படியன்று. அங்கே படுக்க இடம் உண்டு. குளிக்கக் குளம் உண்டு. பசித்தவனுக்குச் சோறும் உண்டு. அந்தச் சோற்றுக்கு விலை கிடையாது. அன்னசத்திரம் என்று அதற்குப் பெயர் வந்ததும் இதனால்தான்.

வந்தவர்க்கெல்லாம் சோறிடும் வழக்கம் தமிழ்நாட்டில் நேற்று முளைத்ததன்று. காவிரி கடலோடு கலக்கும் புகார் நகரத்திலே சோறு வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடிற்று என்னும் கருத்தைப் பட்டினப்பாலையில் காண்கிறோம். அதே நகரத்தின் அம்பலத்திலே மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி நின்று, குருடரும் முடவரும் ஆதரவற்றோருமாகிய அனைவருக்கும் உணவளித்தாள் என்று காப்பியம் கூறுகிறது. இரண்டும் கடற்கரை ஊரைப் பற்றிய செய்திகள் என்பதைக் கவனியுங்கள். கடற்கரை என்றால் அங்கே ஊரார் மட்டும் இருப்பதில்லை. எங்கிருந்தோ வந்தவர்கள் எப்போதும் இருப்பார்கள். அந்நியர் கூடும் இடத்திலேதான் அன்னசாலைக்குத் தேவை மிகுதி.

தஞ்சையிலிருந்து சேதுவுக்குச் செல்லும் பழைய பாதை இந்த உண்மைக்கு நல்ல சான்று. தஞ்சையில் புறப்பட்டால் ஒரத்தநாடு. அதைத் தாண்டினால் பட்டுக்கோட்டை. பிறகு கடற்கரையை ஒட்டி இராசாமடம், மணமேற்குடி, மீமிசல் என்று பாதை தெற்கே வளைந்து போகிறது. தஞ்சைக்கும் ஒரத்தநாட்டுக்கும் இடையே ஏறத்தாழ 14 மைல். ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையேயும் அவ்வளவு தூரமே. மூட்டையைச் சுமந்துகொண்டு, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதன் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் இது. வழி நடப்பவனின் கால் எங்கே ஓய்கிறதோ அங்கே ஒரு கட்டடம் எழும்பியிருக்கிறது. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இந்தப் பாதை நெடுகிலும் சத்திரங்களைக் கட்டினார்கள். அவற்றில் பலவற்றுக்கு அரச குடும்பத்துப் பெண்மணிகளின் பெயரே சூட்டப்பட்டது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ் மிக்கது.

ஆனால் இன்று உங்களை நான் அழைத்துச் செல்ல விரும்புவது அதையும் தாண்டி, கடற்கரைக்கு அருகில் இருக்கும் இராசாமடத்துக்கு. அதிராம்பட்டினத்தை அடுத்துள்ள சிற்றூர் அது. 1987 முதல் 1992 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்த ரா. வெங்கட்ராமன் பிறந்த ஊர் என்ற அளவில் உங்களில் சிலருக்கு அதன் பெயர் தெரிந்திருக்கலாம். அந்தச் சிற்றூருக்கு அதைவிடப் பழைய பெருமை ஒன்று உண்டு. சேது யாத்திரைக்காரர்களுக்குச் சோறிட்ட சத்திரம் அங்கே இருந்தது.

கடற்கரையில் சத்திரம் வைப்பது எளிய காரியமன்று. தஞ்சைக்கு அருகில் வாய்க்கால் நீர் இனிக்கும். வயல் கண்ணுக்கெட்டிய தூரம் பசுமையாக இருக்கும். கடலை நெருங்க நெருங்க நிலம் மாறிவிடுகிறது. உப்பளமும் உவர்மண்ணும் பனையும் மணலுமே கண்ணில் படுகின்றன. கிணறு தோண்டினால் பல இடங்களில் உப்புக் கரிக்கிறது. ஊர்கள் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்கின்றன. யாத்திரைக்காரனுக்குத் தஞ்சையைவிட இங்கேதான் சோறும் நல்ல தண்ணீரும் அவசியம். ஆனால் சோறு விளைவது அங்கே. பசி எடுப்பது இங்கே. இந்த இரண்டையும் இணைக்கும் உபாயம் ஒன்றை நம் முன்னோர் கண்டிருந்தார்கள்.

அந்த உபாயம் மானியம். சத்திரத்துக்கென்று நன்செய்க் கிராமங்களை எழுதி வைத்தார்கள். அந்தக் கிராமங்களின் நெல் வேறு எந்தச் செலவுக்கும் போகக் கூடாது. 12 மரக்கால் கொண்டது ஒரு கலம். கலக்கணக்கில் அளந்து, வண்டியில் ஏற்றி, சத்திரத்துக் களஞ்சியத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். காவிரிக் கரையிலே விளைந்த நெல் கடற்கரையிலே சோறாகும். இந்த வரவையும் செலவையும் எழுதி வைத்த கணக்குகள் மோடி என்னும் எழுத்தில் அமைந்த தஞ்சை அரண்மனை ஆவணங்களில் இன்றும் காணக் கிடைக்கின்றன. மன்னர் மாறினாலும் மணியகாரர் மாறினாலும் அடுப்பு அணையாமல் எரிய வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். ஒருவருடைய இரக்கம் ஒருநாள் வற்றிப் போகலாம். எழுதி வைத்த நிலம் ஆண்டுதோறும் விளையும்.

இனி அந்தச் சத்திரத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கற்பனை செய்து பார்ப்போம். ஆண்டு 1800 என்று வைத்துக்கொள்ளலாம். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஒரு கிழவி தன் பேரனை அழைத்துக்கொண்டு வந்து சேருகிறாள். உப்பு ஏற்றப் போகும் வண்டிக்காரர் இருவர் மாடுகளை அவிழ்த்துக் கட்டுகிறார்கள். காசியிலிருந்து கங்கை நீர் சுமந்து வரும் யாத்திரைக் கூட்டம் ஒன்று குளத்தில் இறங்குகிறது. அவர்கள் பேசும் மொழி மணியகாரருக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினால் எந்த மொழிக்காரனுக்கும் பொருள் ஒன்றுதான்.

மடைப்பள்ளியில் இதற்குள் வேலை தொடங்கிவிட்டது. பத்துப் பேருக்குச் சமைப்பது வேறு, இருநூறு பேருக்குச் சமைப்பது வேறு. வீட்டில் ஓர் ஆழாக்கு அரிசி கூடினாலும் குறைந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. சத்திரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்பதே முன்கூட்டித் தெரியாது. ஆகையால் பெரிய சமையலில் தேர்ந்தவர்கள் எல்லா அரிசியையும் ஒரே நேரத்தில் உலையில் போட்டுவிடுவதில்லை. முதல் பந்தி நடக்கும்போதே அடுத்த உலை கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு பாத்திரம் இறங்க, ஒரு பாத்திரம் ஏறும். நீண்ட கோட்டையடுப்பில் விறகை முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் தீயை அளவில் நிறுத்துவார்கள். வெந்த சோற்றை இருவர் சேர்ந்து சாய்த்து வடிப்பார்கள். வடித்த கஞ்சி வீணாவதில்லை. அது மாட்டுத் தொட்டிக்குப் போகும். குழம்பும் ரசமும் அப்படியன்று. அவை முதலிலேயே தயாராகிவிட வேண்டும். பிறகு கூட்டம் பெருகினால் சோற்றைப் பெருக்கலாம், மோரைப் பெருக்கலாம். விருந்துச் சமையலைப் போல இங்கே பதினெட்டு வகை வைக்க முடியாது. வகை குறைவாக இருந்தால்தான் வருகிறவர் எண்ணிக்கை கூடினாலும் தாங்கும்.

எல்லோரும் சமைத்த சோற்றை ஏற்றுக்கொள்வதில்லை. பிறர் சமைத்ததை உண்ணாத விரதக்காரர்கள் உண்டு. தங்கள் ஆசாரப்படி தாங்களே பொங்கி உண்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அரிசி, பருப்பு, புளி, மிளகு முதலியவற்றைச் சமைக்காமலே அளந்து கொடுப்பார்கள். இவ்விதம் கொடுக்கும் பண்டங்களுக்கு உலுப்பை என்று பெயர். சத்திரத்துத் தோப்பிலே மூன்று கல்லைக் கூட்டி அவர்கள் அடுப்பு மூட்டிக்கொள்வார்கள். கொடுப்பவன் தன் விருப்பத்தை வாங்குபவன்மேல் சுமத்தவில்லை என்பது இதிலே விளங்குகிறது.

இரவு ஏறுகிறது. கிழவியும் பேரனும் உண்டு உறங்கிவிட்டார்கள். வண்டிக்காரர்கள் திண்ணையில் கதை பேசி ஓய்ந்துவிட்டார்கள். நடுநிசி நெருங்குகிறது. அப்போது சத்திரத்து வாசலில் மணி அடிக்கிறது. இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணலாம் என்று ஒருவன் உரக்கக் கூவுகிறான். இருட்டிலே தட்டித் தடுமாறி, காலில் முள் தைத்து, ஊர் எல்லையில் உட்கார்ந்துவிட்ட பைராகி ஒருவனின் காதில் அந்த ஓசை விழுகிறது. அவன் எழுந்து நடக்கிறான்.

கிழவியும் பைராகியும் என் கற்பனை. மணி கற்பனையன்று. அந்த மணியைப் பற்றி எழுத்து மூலமான சான்று இருக்கிறது. அது எழுதப்பட்ட சூழ்நிலையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1799-ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பினியார் கைக்குப் போயிற்று. சரபோஜி மன்னருக்குக் கோட்டையும் வருவாயில் ஒரு பகுதியுமே மிஞ்சின. நாட்டோடு சேர்த்துச் சத்திரங்களும் அவற்றின் மானியங்களும் கைமாறிவிடுமோ என்ற அச்சம் மன்னருக்கு உண்டாயிற்று. 1801-ஆம் ஆண்டில் அவர் கும்பினி அதிகாரிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். படை வேண்டும் என்றோ, பட்டம் வேண்டும் என்றோ அதில் அவர் வாதாடவில்லை. சத்திரங்கள் தம் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அதற்காகவே சத்திரங்களில் என்னென்ன நடக்கின்றன என்பதை ஒவ்வொன்றாக விவரித்தார்.

பிராமணர் முதல் தாழ்த்தப்பட்டோர் வரை வழிப்போக்கர் அனைவருக்கும், யோகிகள், ஜங்கமர்கள், பைராகிகள் முதலிய எல்லாவகை யாத்திரிகர்களுக்கும் அங்கே சோறு உண்டு என்று அவர் எழுதினார். சமைத்தது வேண்டாதவர்களுக்கு அரிசியாகவே தரப்படும் என்றார். நடுநிசியில் மணி அடித்து, உண்ணாதவர்களைக் கூவி அழைக்கும் வழக்கத்தைக் குறிப்பிட்டார். அதோடு நிற்கவில்லை. நோயுற்று மேலே நடக்க முடியாதவர்கள் குணமாகும்வரை தங்கலாம். அவர்களுக்கு மருந்தும் பத்திய உணவும் உண்டு. விஷக்கடிக்கு வைத்தியம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பச்சைக் குழந்தைகளுக்குப் பால் உண்டு. கருவுற்ற பெண் சத்திரத்தில் பிரசவித்தால் செலவைச் சத்திரமே ஏற்கும். மூன்று மாதம் வரை அவள் அங்கேயே இருக்கலாம். வழியிலே பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஆசிரியரிடம் ஒப்படைத்து, நாள்தோறும் மூன்று வேளை உணவளித்து, அவர்கள் விரும்பிய கல்வியைக் கற்பித்தார்கள். வழியிலே இறந்தவர்களுக்கு அவரவர் வழக்கப்படி ஈமக் கடன் செய்தார்கள். தஞ்சை நாட்டுக்குத் தரும நாடு என்ற பெயர் இந்தச் சத்திரங்களால் வந்தது என்றும், தம் நிலைமையில் எஞ்சியுள்ள மேன்மை அந்தப் பெயரே என்றும் மன்னர் கருதினார்.

மன்னர் தமது நிர்வாகத்தைத் தாமே எடுத்துரைக்கும் கடிதம் இது. ஆகையால் ஒவ்வொரு சத்திரத்திலும் ஒவ்வொரு நாளும் எல்லாம் இப்படியே நடந்தன என்று நாம் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. எல்லோருக்கும் சோறு இருந்தது என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பந்தி இருந்தது என்று பொருள் கொள்வதும் தவறு. அக்காலச் சமூகத்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து உண்பதைச் சாதி தீர்மானித்தது. சிலருக்கு உள்ளே இலை, சிலருக்கு வெளியே. அந்தக் குறையை மறைத்துப் பழமையைப் புகழ்வது மாணவர்களாகிய உங்களுக்கு அழகன்று. ஆயினும், ஒருவன் பசியோடு உறங்கிவிடக் கூடாது என்பதற்காக நடுநிசியில் மணி அடித்துத் தேடிய மனத்தை நாம் மதிக்காமல் இருக்க முடியாது. சத்திரத்தின் பெருமையை அது எத்தனை பேருக்குச் சோறிட்டது என்று மட்டும் கணக்கிட்டால் போதாது. யாரேனும் விடுபட்டார்களா என்று அது கேட்டதே, அந்தக் கேள்விதான் அதன் உயிர்.

காலம் மாறிற்று. 1855-ல் தஞ்சையின் கடைசி மன்னர் சிவாஜி காலமானார். அரசு கும்பினியோடு சேர்க்கப்பட்டது. சத்திரங்கள் பின்னர் ஜில்லா போர்டின் நிர்வாகத்துக்கு வந்தன. ரயில் வந்தது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை 1903-க்குள் பாதை போடப்பட்டது. 1914-ல் பாம்பன் கடல்மேல் பாலம் திறக்கப்பட்டது. மூன்று வாரம் நடந்தவன் ஓரிரு நாளில் இராமேசுவரம் போய்ச் சேர்ந்தான். சேது சாலையில் காலடி ஓசை குறைந்தது. சத்திரங்களில் நெல் இருந்தது, அடுப்பு இருந்தது. உண்பதற்கு வழிப்போக்கன் இல்லை.

அப்போது சத்திரத்து வருவாய் கல்விக்குத் திரும்பிற்று. ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் மாணவர் விடுதிகள் நடந்தன. ஏழைப் பிள்ளைகள் தங்கி உண்டு படிக்கலாம். மிக நல்ல மாற்றம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் அந்த விடுதிகளில் பிராமண மாணவர்களுக்கு மட்டுமே இடம் என்ற நிலை ஏற்பட்டிருந்தது. வழிப்போக்கர் அனைவருக்கும் என்று எழுதி வைத்த நெல், பள்ளி மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் சோறாயிற்று. அந்த நெல்லை விளைவித்த உழவர்களின் பிள்ளைகள் விடுதி வாசலுக்கு வெளியே நின்றார்கள். நடுநிசி மணியின் பொருள் மறந்து போயிற்று.

அந்த வாசலைத் திறந்தவர் ஏ. டி. பன்னீர்செல்வம். நீதிக்கட்சியைச் சேர்ந்த அவர் 1924 முதல் 1930 வரை தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்தார். சத்திரங்கள் எல்லோருக்கும் ஏற்பட்டவை என்பதால் அவற்றின் வருவாயில் நடக்கும் விடுதிகளும் எல்லோருக்கும் உரியவை என்பது அவருடைய நிலை. ஒரத்தநாட்டு விடுதியிலும் இராசாமடத்து விடுதியிலும் பிற வகுப்பு மாணவர்களுக்கும் இடம் கிடைக்கும்படி செய்தார். எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த இலைச் சோறே கல்வியின் வாசலாயிற்று. 1940-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். தஞ்சைப் பகுதியில் அவர் பெயரை நன்றியோடு நினைப்பவர்கள் இன்றும் பலர்.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். பன்னீர்செல்வம் புதிய தருமம் ஒன்றைத் தொடங்கவில்லை. புதிதாக நிலம் எழுதி வைக்கவும் இல்லை. பழைய நெல்லை அதன் பழைய நோக்கத்துக்குத் திருப்பினார். ஒருவகையில் பார்த்தால் அதையும் தாண்டினார். சத்திரத்துக் காலத்தில் எல்லோருக்கும் சோறு இருந்தது, ஒரே பந்தி இல்லை. பள்ளிக்கூடம் வந்த பிறகுதான் அந்த ஒரே பந்தி மெல்ல மெல்ல அமையலாயிற்று. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கிற்று. 1950-களில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது அது நாடெங்கும் பரவிற்று. 1982-ல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வழங்கப்படுகிறது. யாருடைய பிள்ளை என்று கேட்காமல், பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே பாத்திரத்திலிருந்து அள்ளி வைக்கும் அந்தச் சோற்றிலே, பழைய சத்திரத்தின் கருணையும் புதிய காலத்தின் சமத்துவமும் கலந்திருக்கின்றன.

மாணவ நேயர்களே, நீங்கள் சேது சாலை வழியாக எப்போதாவது போக நேர்ந்தால், ஒரத்தநாட்டிலோ கடற்கரையை ஒட்டிய ஊர்களிலோ பழைய சத்திரக் கட்டடங்களைக் காணலாம். சில நல்ல நிலையில் இருக்கும், சில சிதைந்திருக்கும். தூணின் வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். வாசற்படியில் சிறிது நேரம் நின்று, அங்கே அடித்த மணியை நினைத்துப் பாருங்கள். நாளை நீங்கள் ஒரு பள்ளியையோ, ஒரு மருத்துவமனையையோ, ஓர் அலுவலகத்தையோ நடத்தும் பொறுப்புக்கு வரலாம். அன்று மாலையில் கணக்கை மூடும்போது, இன்று எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதோடு நிறுத்திவிடாமல், இன்னும் பெறாதவர் யாராவது வெளியே இருக்கிறார்களா என்று ஒருமுறை கேளுங்கள். இராசாமடத்துச் சாலையில் இருட்டிலே நடந்து வந்த பைராகிக்கு அந்தக் கேள்விதான் இலை போட்டது.